மோட்டார் வண்டிக்கு ஏற்ற பெற்றோல் எது?

பெற்றோல் நிலையத்தில் இரண்டு குழாய்கள் நிற்கின்றன. ஒன்றில் 92 என்றும் மற்றதில் 95 என்றும் எழுதப்பட்டிருக்கிறது. 95 விலை கூடியது. வாடகை வண்டியோட்டிக் குடும்பத்தை நடத்துபவர் அவ்விடத்திற் சற்றுத் தயங்குகிறார். விலை கூடியதை ஊற்றினாற் பிள்ளைகளின் படிப்புச் செலவிற் கைவைக்க வேண்டும். குறைந்ததை ஊற்றினாற் பிழைப்புக்கு ஆதாரமான எஞ்சின் கெட்டுவிடுமோ என்ற அச்சம்.

இவ்வெண்கள் பெற்றோலின் தூய்மையையோ வலிமையையோ காட்டுவன என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உருளைக்குள்ளே பெற்றோலாவியும் காற்றுங் கலந்து பிஸ்டனால் நெருக்கப்படும்போது சூடேறுகின்றன. பிளக்கின் பொறி தொட்டபின் அக்கலவை சீராக எரிந்து பரவவேண்டும். நெருக்கமும் வெப்பமும் தாங்காது ஒரு பகுதி தானாகவே வெடிக்குமானால், எஞ்சினிலிருந்து உலோகத்தைத் தட்டுவதுபோன்ற ஓசை எழும். பாரமேற்றிய வண்டி றம்பொடை ஏற்றத்தில் ஏறும்போது இவ்வோசை தெளிவாகக் கேட்கும். நீடித்தாற் பிஸ்டனே உடையக்கூடும்.

இவ்வாறு வெடிக்காமற் பொறுத்துக்கொள்ளும் ஆற்றலின் அளவே ஒக்டேன் எண். நன்கு பொறுக்கும் ஐசோ ஒக்டேனுக்கு 100 என்றும், சிறிதும் பொறுக்காத ஹெப்டேனுக்குப் பூச்சியம் என்றும் வகுத்தனர். முன்னதில் 92 பங்கும் பின்னதில் 8 பங்குங் கொண்ட கலவை பொறுக்குமளவு பொறுப்பதே 92 பெற்றோல்.

இதன் உண்மையை யாழ்ப்பாணத்து மக்கள் நூல் படிக்காமலே அறிவார்கள். 1990களிற் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதபோது, அங்கே பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. ஆயினும் அவ்வண்டிகள் கலவையை ஏறக்குறைய ஏழு மடங்கே நெருக்கின. ஆகையால் ஒருவாறு சமாளித்தன. புகை கக்கின, தட்டின, எஞ்சின் எண்ணெய் கெட்டது. ஆனால் நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசேர்த்தன. இன்றைய வண்டியொன்றில் அவ்வாறு செய்வது அதனைக் கொல்வதாகும்.

இக்கால எஞ்சின்கள் பத்து மடங்குக்கு மேலும் நெருக்குகின்றன. அதற்காக எல்லாவற்றுக்கும் 95 வேண்டுமென்பதில்லை. ரொயோட்டா அக்குவா போன்ற கலப்பின வண்டிகளின் விகிதம் 13க்கு மேற்பட்டது. எனினும் வால்வுகள் பிந்தி மூடுமாறு அமைந்தமையால் அவை ஜப்பானின் சாதாரண பெற்றோலிலேயே ஓடுகின்றன. அந்நாட்டு நியமப்படி சாதாரண பெற்றோல் 89க்குக் குறையாதது. உயர்தரம் 96க்குக் குறையாதது. எனவே சாதாரணமென்று குறித்த ஜப்பானிய வண்டிக்கு நம் நாட்டின் 92 தாராளமாகப் போதும். ஐரோப்பிய வண்டிகளுட் பல 95 கேட்கும். அமெரிக்க வண்டியின் கைந்நூலில் 87 என்றிருந்தால் மயங்க வேண்டாம். அவர்கள் அளக்கும் முறை வேறு, அது நம் கணக்கில் ஏறத்தாழ 91 அல்லது 92. ஆகவே அயலவர் சொல்லையும் பெற்றோல் ஊற்றுபவர் சொல்லையும் விட, கைந்நூலையோ பெற்றோல் மூடியின் உட்புறத்தையோ நோக்குவதே நன்று.

92 போதுமான வண்டிக்கு 95 ஊற்றினால் வேகங் கூடாது, காசுதான் குறையும். 95 கேட்கும் வண்டிக்கு 92 ஊற்றினாலோ, புதிய எஞ்சின்களிலுள்ள உணர்கருவி தட்டுதலை அறிந்து பொறியைத் தாமதப்படுத்தும். எஞ்சின் தப்பிக்கும், ஆனால் வலுக் குன்றி, பெற்றோற் செலவு கூடும். மிச்சம் பிடித்த காசு அவ்வழியே போய்விடும். உணர்கருவியில்லாத வண்டிக்கு அப்பாதுகாப்புமில்லை.

பழைய வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையுங் கவனிக்க வேண்டும். முன்னர் ஒக்டேனை உயர்த்த ஈயச் சேர்மமொன்றைப் பெற்றோலிற் கலந்தனர். அது சிறுவர் மூளைக்குக் கேடு விளைவிப்பது. இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம் வால்வு அமரும் இடத்தையுந் தேயாது காத்து வந்தது. ஆதலால் ஈயக் காலத்து எஞ்சினைப் பிரித்துத் திருத்தும்போது, அவ்விடத்திற் கடினமான வளையங்களைப் பொருத்துவித்தல் நலம்.

தவறுதலாக 92 ஊற்றிவிட்டாற் பதற்றம் வேண்டாம். ஏற்றங்களில் மெதுவாக ஓட்டி, அடுத்த முறை 95 நிரப்பலாம். இரண்டுங் கலப்பதாற் கேடில்லை. டீசலை ஊற்றிவிட்டால் மாத்திரம் சாவியைத் திருப்பாது வண்டியைத் தள்ளி நிறுத்தி, தாங்கி முழுவதையும் வடித்தெடுப்பித்த பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும்.