சின்னம் மாறிய தோள்

போர்க்களத்தில் படையினரை இன்னார் எனத் தெரிந்துகொள்ளும் பொருட்டு மூவேந்தரின் படைகளும் பனை, வேம்பு, ஆத்தி ஆகியவற்றின் பூக்களைச் சூடின என்பது தொல்காப்பியப் புறத்திணையியலால் அறியப்படும். இக்காலப் படைகளில் அப்பூவின் இடத்தைத் தோளில் தைக்கப்பெறும் துணிச்சின்னம் பெற்றுள்ளது. சூடியவரை அறியாத வேற்றார் ஒருவர் அதே பூவைச் சூடிக்கொண்டு கொடுமை செய்யத் தொடங்கினால் முதலில் சூடியவர் என் செய்வர்? அமெரிக்காவின் 45ஆம் காலாட்படைப் பிரிவுக்கு இவ்வினா கற்பனையன்று, நேர்ந்த ஒன்று.

ஓக்லஹோமா, கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா எனும் நான்கு மாநிலங்களின் வீரரைக் கொண்டு முதல் உலகப்போருக்குப் பின் அமைந்தது இப்பிரிவு. 1924இல் அதற்கொரு தோட்சின்னம் வகுக்கப்பெற்றது. சிவந்த சதுரம், நடுவே மஞ்சள் நிறச் சுவஸ்திகா. நான்கு பக்கங்களும் நான்கு மாநிலங்களைக் குறித்தன. சிவப்பும் மஞ்சளும் அந்நிலத்தை முன்னாளில் ஆண்ட ஸ்பெயினை நினைவூட்டின. சுவஸ்திகாவோ அங்கு வாழும் பழங்குடியினரின் நற்குறி. நவஹோ மக்கள் கம்பளத்திலும் பாப்பகோ மக்கள் கூடையிலும் அதனை இழைத்து வந்தனர். அதனை மங்கலக் குறியாகவே அறிந்த தமிழர்க்கு இதில் வியப்பு இராது.

ஆயின் 1920இலேயே ஜெர்மனியின் நாஜிக் கட்சி அக்குறியைத் தன் கொடியில் ஏற்றியிருந்தது. 1935இல் அக்கொடி ஜெர்மன் நாட்டின் ஒரே கொடியாயிற்று. ஏறத்தாழ 15 ஆண்டுகள் தோளில் தாங்கிய சின்னத்தை இப்பிரிவு களைய வேண்டியதாயிற்று. 1939இல் புதிய சின்னம் வந்தது: இடிப்பறவை. சிறகடிப்பால் இடியையும் கண்ணொளியால் மின்னலையும் எழுப்பி மழை கொணர்வதாகப் பழங்குடியினர் போற்றும் பறவை அது. அதனை வரைந்தவர் கயோவா இனத்து ஓவியர் வுடி பிக் போ. சிவந்த சதுரமும் மஞ்சள் நிறமும் மாறவில்லை. உள்ளிருந்த உருவே மாறிற்று. எவருடைய குறி பறிபோயிற்றோ அவருடைய மரபிலிருந்தே மாற்றுக் குறியும் பெறப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

படையினர் சின்னம் மாற்றியது ஆணையால். பழங்குடியினர்க்கு அவ்வாறு ஆணையிட்டவர் எவருமிலர். 1940 பிப்ரவரியில் நவஹோ, பாப்பகோ, அப்பாச்சி, ஹோப்பி ஆகிய நான்கு இனத்தாரின் சார்பாளர் கூடி, முன்னோர் நட்பின் அடையாளமாகக் கொண்ட குறியை மற்றொரு நாட்டார் மாசுபடுத்திவிட்டமையால் இனிக் கம்பளத்திலும் கூடையிலும் அதனை இடுவதில்லை எனக் கையொப்பமிட்டனர். களவு செய்தவர் கூச்சமின்றி அணிந்திருக்க, உரியவர் துறந்தனர். இவ்வரலாற்றில் மிகுதியும் வருந்தத்தக்க இடம் இதுவே.

இப்பிரிவு 1943 ஜூலை 10இல் சிசிலியில் இறங்கியது. பின்னர் சலேர்னோ, ஆன்சியோ, 1944 ஆகஸ்டு 15இல் தென் பிரான்சு எனக் கடல்வழித் தரையிறக்கம் நான்கு. போர்முனையில் கழிந்த நாள்கள் 511. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கத்தைப் பெற்ற இப்பிரிவினருள் கிரீக் இனத்து எர்னஸ்ட் சில்டர்ஸும் செரோக்கி இனத்து ஜாக் மான்ட்கோமரியும் இருந்தனர்.

வீரத்தை மட்டும் பாடி நிறுத்துவது அறமன்று. சிசிலியில் இறங்கிய நான்காம் நாளில், பிஸ்காரி விமானதளத்தருகே, இப்பிரிவினர் சிலர் போர்க்கைதிகள் 73 பேரைச் சுட்டுக் கொன்றனர், பெரும்பாலோர் இத்தாலியர். சார்ஜன்ட் ஒருவர் ஆயுள் தண்டனை பெற்றுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். கேப்டன் ஒருவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. அவர்கள் தோளில் இருந்ததும் அதே இடிப்பறவைதான்.

1945 ஏப்ரல் 29 அன்று இப்பிரிவின் 157ஆம் ரெஜிமெண்ட் மியூனிக்கை அடுத்த டாக்கவ் வதைமுகாமை அடைந்தது. 42ஆம் பிரிவினரும் அன்றே அங்கு வந்தனர். முகாமின் வெளியே நின்றது ஒரு சரக்கு ரயில். ஏறத்தாழ 40 பெட்டிகள். அவற்றில் 2,000க்கும் மேற்பட்ட பிணங்கள். உள்ளே உயிரோடிருந்தோர் 30,000க்கும் மேல். தாம் ஒருகால் தோளிலிருந்து களைந்த குறியின் பெயரால் நிகழ்ந்தது இன்னது என்பதை இடிப்பறவை வீரர் அங்குக் கண்டனர். கண்டவர்களுள் சிலர் நிலைதவறிச் சரணடைந்த காவலர் மீது துப்பாக்கியைத் திருப்பினர். படைத்தலைவர் ஃபீலிக்ஸ் ஸ்பார்க்ஸ் தம் கைத்துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டு, ஒரு கையை உயர்த்தித் தடுத்தார். விசாரணை நடைபெற்றது; எவரும் தண்டிக்கப்படவில்லை.

பின்னர் இப்பிரிவு கொரியாவிலும் போரிட்டது. 1968இல் கலைக்கப்பெற்று ஒரு பிரிகேடாகச் சுருங்கியது. ஓக்லஹோமாவின் அந்த வீரர் தோளில் சிவந்த சதுரமும் மஞ்சள் பறவையும் இன்றும் உள்ளன.