நானே என்னும் சின்னச் சொல்



இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கும் சொல் ஒன்று உண்டு. 'நானே'. இட்லியை நானே தின்பேன், தண்ணீரை நானே குடிப்பேன், படியில் நானே இறங்குவேன். 'அம்மா' என்ற முதல் சொல்லை ஊருக்கே சொல்லிக் கொண்டாடிய நாம், இந்தச் சொல்லைக் கேட்டதும் "பிடிவாதம் வந்துவிட்டது" என்று சலித்துக்கொள்கிறோம்.

சென்ற மாதம் உபதேசியாரோடு வீடு சந்திப்புக்குப் போயிருந்தோம். ஒரு வீட்டில் தகப்பன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். வீட்டில் பாட்டி, தாய், இரண்டு வயது நிறைந்த பெண் குழந்தை. நாங்கள் உள்ளே போனபோது பாட்டி குழந்தையை இடுப்பில் வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தை தட்டைப் பிடித்து இழுக்கிறது, பாட்டி விடவில்லை. கீழே இறக்கிவிட்டால் என்ன என்று கேட்டோம்.

"விழுந்து கிழுந்து வச்சா எம் மவனுக்கு நாந்தான சாமி பதில் சொல்லணும்?" என்றார்.

அதற்கு எங்களிடம் உடனே மறுமொழி இல்லை. ஊரில் இல்லாத மகனின் பிள்ளையை வளர்ப்பது, பிறர் நம்பிக் கொடுத்த நகையைக் காப்பது போல. ஒரு கீறல் விழக்கூடாது. இறக்கிவிடாத அந்தக் கைகளில் அன்போடு பயமும் இருந்தது.

குழந்தையின் தாய் வேறொன்று சொன்னார். இந்தப் பிள்ளை நடக்க 16 மாதம் ஆனதாம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாசத்திலேயே நடந்துட்டு" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு இரவில் அழுதிருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, நலமான குழந்தை தனியாக நடப்பது 8 மாதம் முதல் 17 மாதம் கடந்தும்கூட எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் தவழாமலேயே நடந்துவிடுகிறார்கள். 18 மாதம் நிறைந்தும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதில் வெட்கமும் வேண்டாம், தள்ளிப்போடுவதும் வேண்டாம். ஆனால் ஒப்பிட்டுப் பேசி ஒரு தாயை அழவைக்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நாம் பேசும் பேச்சையும் சேர்த்தே சொல்கிறோம்.

நம் முன்னோர் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். இயேசுவின் மீதும் பிள்ளைத்தமிழ் பாடப்பட்டிருக்கிறது. அதில் ஆறாவது வருகைப் பருவம். நடக்கத் தொடங்கும் குழந்தையை 'வா, வா' என்று அழைக்கும் பருவம். வா என்று அழைக்க வேண்டுமானால் முதலில் பெரியவர்கள் இரண்டடி பின்னால் போக வேண்டுமே!

இறைவாக்கினர் ஓசேயா நூலின் 11-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். அங்கே கடவுள் தம் மக்களைப் பற்றி, பிள்ளைக்கு நடை பழக்கிய பெற்றோரைப் போலப் பேசுகிறார். கையில் ஏந்தியது, நடக்கக் கற்றுக்கொடுத்தது, குனிந்து உணவு ஊட்டியது எல்லாம் வருகின்றன. ஆனால் அது தாலாட்டு அல்ல. நடை பழகிய கால்களாலேயே பிள்ளை விலகிப் போய்விட்டது. கூப்பிடக் கூப்பிடத் தூரமாய்ப் போனது. அந்த வேதனையில் பேசுகிறார். கைவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. நடக்கக் கற்றுக்கொடுத்தால் விலகியும் போகலாம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தே கற்றுக்கொடுத்தார். இடுப்பிலேயே வைத்திருந்தால் இஸ்ரயேல் ஒருநாளும் விலகியிருக்காது. ஒருநாளும் தானாகத் திரும்பி வந்திருக்கவும் முடியாது.

அந்தப் பாட்டியின் மகனும் அதே முற்றத்தில்தான் நடைவண்டி தள்ளியிருப்பார். அந்தக் கால்கள் இன்று கடல் கடந்து நிற்கின்றன. பேத்தியை இறக்கிவிடத் தயங்குவதில் அந்த வலியும் கொஞ்சம் இருக்குமோ என்று பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது. முதலிலேயே தோன்றியிருந்தால் அப்படிக் கேட்டிருக்கமாட்டோம்.

அடுப்பு, கிணறு, தண்ணீர் நிறைந்த வாளி, வண்டி ஓடும் தெரு, இவற்றில் 'நானே' செல்லாது. குழந்தை எவ்வளவு அழுதாலும் சரி. மற்றவற்றில் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம். சின்ன டம்ளரில் கால்வாசித் தண்ணீர் கொடுத்தால் சிந்துவதும் கால்வாசிதான்.

அன்று செபம் முடிந்து சிலுவை அடையாளம் போட்டோம். குழந்தையும் போட்டது, நெற்றியில் தொடங்கிய கை வயிற்றோடு நின்றுவிட்டது. எங்களை வழியனுப்ப வேண்டுமென்று தன் செருப்பைத் தானே மாட்டியது. இடது வலமாக, வலது இடமாக. இன்னும் மூன்று வீடுகள் பாக்கி இருந்த அவசரத்தில் நாங்கள் குனிந்து சரியாக மாட்டிவிட்டோம். "நானே!" என்று ஒரு சத்தம். இரண்டையும் கழற்றி எறிந்து, எடுத்துவந்து, சப்பணமிட்டு உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கியது. உபதேசியார் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டோம்.

ஐந்து நிமிடம் ஆனது. செருப்பு மறுபடியும் கால் மாறித்தான் இருந்தது. அப்படியே வாசற்கதவு வரை நடந்து வந்து கையசைத்தது. பின்னாலேயே பாட்டி, இரண்டு கைகளையும் நீட்டியபடி, ஆனால் தொடாமல் வந்தார்.

அடுத்த வீட்டுக்கு நாங்கள் தாமதமாகத்தான் போனோம்.