ஓய்வும் ஓர் அறமே

(கருவேப்பிலங்குறிச்சியில் விழா நாளன்று ஆற்றப்பெற்ற உரை)

அருகன் அடியிணை போற்றி. 

விருத்தாசலம் வட்டாரத்தில் பீங்கான் தொழிலை அறியாதார் இலர். பண்டம் வெந்து தீ அணைந்த பின்னும் தொழிலறிந்தவர் சூளையை உடனே திறப்பதில்லை. அனல் தணியுமுன் குளிர்காற்றுப் பட்டால், நன்கு வெந்த பண்டமும் விரிசல் காணும். வெளியே நின்று காண்போர்க்கு அங்கே ஒன்றும் நிகழவில்லை. உள்ளேயோ உருகிய மேற்பூச்சு இறுகி நிலைபெறுகிறது.

நோயினின்று மீளும் உடலும் அத்தகையதே. ஆயினும் நம் இல்லங்களில் நிகழ்வது யாது? அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய தாய், பத்தாம் நாளே அடுப்படியில் நிற்கிறார். நோன்பு நாளில் உண்ண நேர்ந்ததே என்று கண் கலங்குகிறார். படுத்திருக்கச் சொன்னால் அவருக்கு அச்சம் வருகிறது. கை ஓய்ந்தவுடன் மனம் ஓடத் தொடங்குகிறது: “மீண்டும் நோய் வருமோ? பிள்ளைகளுக்குச் சுமையாகிவிட்டேனோ?” அவ்வினாக்களினின்று தப்பவே அவர் எழுந்து நடமாடுகிறார்.

இத்தகையோர்க்கு ஆசாரியர் சமந்தபத்திரரின் வரலாறு ஆறுதல் தரும். காஞ்சியோடு தொடர்புடைய அப்பெரியாரைப் பஸ்மக நோய் பற்றியது என்று மரபு கூறும். உண்ட உணவெல்லாம் எரிந்துபோகத் தீராப் பசியை விளைக்கும் நோய் அது. மணிமேகலையில் காயசண்டிகையை வருத்திய யானைத்தீயை ஒத்தது. துறவு நெறியில் நின்று அந்நோயைத் தாங்க இயலாத அவர், சல்லேகனை ஏற்க ஆசிரியரிடம் இசைவு வேண்டினார். ஆசிரியர் இசையவில்லை. துறவுக்கோலத்தைச் சிறிது காலம் நீக்கி, வேண்டிய உணவு கொண்டு நோயைத் தீர்த்து, மீண்டும் நெறிக்குத் திரும்புமாறு பணித்தார். அவரும் அவ்வாறே செய்தார் என்பது மரபு.

அப்பெரியார் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமே தமிழில் அருங்கலச்செப்பு எனும் நூலுக்கு முதலாயிற்று. நோயைப் பொறுத்தவரை, அது தீர்வில்லாததாயின் மட்டுமே சல்லேகனை என அந்நூல் வரையறுக்கிறது. தீரக்கூடிய நோயைத் தீர்த்துக்கொள்வது நெறிக்கு இழுக்கன்று. துறவிக்கே இந்த இசைவு உண்டெனில், இல்லறத்தார் கண் கலங்க வேண்டுவதில்லை.

தமிழில் ‘பள்ளி’ எனும் சொல்லை நோக்குக. படுக்கையும் பள்ளி, சமண முனிவர் உறைவிடமும் பள்ளி, கற்குமிடமும் பள்ளி. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகையைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ‘பளி’ என்றே குறிக்கிறது. அங்கே முனிவர்க்கெனச் செதுக்கிய கற்படுக்கைகளை இன்றும் காணலாம். தவம் செய்தோர்க்கும் உடலைக் கிடத்த ஓரிடம் வேண்டியிருந்தது. அதனை அமைத்துக் கொடுத்தல் அறம் எனக் கருதப்பட்டது.

உணவு, அபயம், மருந்து, கல்வி எனத் தானம் நால்வகைப்படும். நோயாளிக்கு மருந்து தருகிறோம், உணவும் தருகிறோம். அபயத்தை மறந்துவிடுகிறோம். “இன்னுமா எழவில்லை?” என்னும் ஒரு சொல் நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்கும். “படுத்திருங்கள் அம்மா, அடுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பதே அபயதானம். நோயுற்றோர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. உடற்பற்றை விடும் வியுத்சர்க்கமும் அவ்வாறனுள் ஒன்றே. முன்னது இல்லத்தார்க்கு உரியது. பின்னதை நோயாளியும் பயிலலாம்.

பயிற்சி எளிது. காயோத்சர்க்கத்தில் ஒன்பது முறை பஞ்ச நமஸ்காரத்தை 27 மூச்சுகளில் எண்ணும் வழக்கம் நாம் அறிந்ததே. படுத்திருப்பவரும் அதனை மனத்தால் எண்ணலாம். அச்சம் எழுந்தால் அதனோடு போராட வேண்டா. அடுத்த மூச்சுக்கு வருக. முதல் நாள் ஐந்து மூச்சில் மனம் சிதறும். சிதறினால் குற்றமில்லை, மீண்டும் தொடங்குக. நாளடைவில் அசைவின்மை அச்சம் தரும் இடமாக இராது, பழகிய இல்லமாகும்.

ஓய்வென்பது எழாமலே கிடத்தலன்று. மருத்துவர் நடக்கச் சொன்னால் நடத்தலும், படுக்கச் சொன்னால் மனம் நோகாது படுத்தலும் ஆகும்.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர், நோயினின்று மீளும் ஒருவர் தம் வீட்டில் இருப்பின், அவரருகே சிறிது நேரம் பேசாது அமர்க. சூளை தானே ஆறட்டும்.

எல்லா உயிரும் அச்சம் நீங்கி நலம் பெறுக!