மகளுக்காகத் திறந்த கதவு

மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறோம். சுவிட்சைப் போடுகிறோம். விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

எங்கோ ஓர் அணையில் தண்ணீர் பாய்கிறது. பெரிய இயந்திரம் சுழல்கிறது. மின்சாரம் உண்டாகிறது. உயரமான கோபுரங்களில் கட்டிய கம்பி வழியாக அது வெகுதூரம் வருகிறது. அந்த மின்சாரத்தை அப்படியே வீட்டுக்குள் விட்டால் ஆபத்து. அதனால் துணை மின் நிலையத்தில் அதன் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். பிறகுதான் அது நம் வீட்டுக்கு வருகிறது. இதற்கெல்லாம் கணக்குப் போட்டு, படம் வரைந்து, வழி அமைப்பவர்கள் மின் பொறியாளர்கள்.

அப்படிப்பட்ட பொறியாளர் ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் பெயர் பப்பு சுப்பாராவ். நம்மில் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். அவர் ஒரு நல்ல ஆசிரியர். குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்த தந்தை. ஒரு நேரத்தில் அவர் எடுத்த முடிவு, நம் நாட்டுப் பெண்களுக்கே ஒரு கதவைத் திறந்தது.

பேராசிரியர் வீடு

சென்னையில் கிண்டிப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது அது. மிகப் பழைய கல்லூரி. அங்கே மின் பொறியியல் பேராசிரியராக இருந்தவர் சுப்பாராவ். தெலுங்கு பேசும் குடும்பம். அவருக்கு ஏழு பிள்ளைகள்.

அந்தக் காலத்து வழக்கம் அவர் வீட்டிலும் இருந்தது. மகன்கள் பொறியியல் படித்தார்கள். மகள்களுக்கு ஓரளவு படிப்பு, பிறகு கல்யாணம்.

ஐந்தாவது பிள்ளை லலிதா. 1919-ஆம் ஆண்டு பிறந்தவர். 1934-இல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது வயது 15. இன்றைய சட்டப்படி பெண்ணின் திருமண வயது 18. ஆனால் 1929-இல் வந்த சாரதா சட்டம் 14 வயது என்றுதான் சொன்னது. அதனால் 15 வயதுக் கல்யாணம் அன்று யாருக்கும் தவறாகத் தெரியவில்லை. படித்த பேராசிரியருக்கும் தெரியவில்லை.

ஆனால் ஒன்றில் சுப்பாராவ் உறுதியாக இருந்தார். கல்யாணம் ஆனாலும் மகள் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்றார். லலிதாவும் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தார்.

பதினெட்டு வயதில்

1937-இல் லலிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு வயது 18.

அந்நாளில் விதவை என்றால் என்ன நிலைமை? நம் பாட்டிமார் கதை கதையாகச் சொல்வார்கள். பல குடும்பங்களில் தலையை மழித்தார்கள். நல்ல துணி கிடையாது. நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது. வாழ்நாள் முழுவதும் வீட்டின் ஒரு மூலைதான்.

லலிதா தந்தை வீட்டுக்குத் திரும்பினார். சுப்பாராவ் என்ன செய்திருக்கலாம்? “என் மகளுக்குச் சோறு போட என்னால் முடியும். அவள் பாட்டுக்கு வீட்டில் இருக்கட்டும்” என்று நினைத்திருக்கலாம். ஊரும் அவரை நல்ல தகப்பன் என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆனால் யார் கையையும் எதிர்பார்த்து வாழ லலிதா விரும்பவில்லை. படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைத் தானே வளர்க்க வேண்டும் என்று நினைத்தார். தந்தை தடுக்கவில்லை. துணைக்கு நின்றார். லலிதா சென்னை ராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தார். இன்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து என்ன படிப்பது? டாக்டர் படிப்பு பற்றியும் யோசித்தார்கள். டாக்டரை நடு இரவிலும் கூப்பிடுவார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது? நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பும் வேலை வேண்டும். தந்தை பொறியாளர். அண்ணன் தம்பிகளும் அதே வழி. அப்படியானால் பொறியியலே படிக்கலாமே என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கிண்டியில் ஒரு பெண்

முடிவு எடுத்தாயிற்று. ஆனால் கல்லூரியில் இடம் வேண்டுமே! அதுவரை கிண்டியில் ஒரு பெண் கூடப் படித்ததில்லை. பெண்கள் பொறியியல் படிப்பார்கள் என்று யாரும் நினைத்தும் பார்த்ததில்லை.

சுப்பாராவ் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் போனார். என் மகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். பொதுக் கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதம் என்ற ஆங்கிலேயரின் அனுமதியும் வேண்டியிருந்தது. இருவரும் சம்மதித்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தான் வேலை செய்யும் இடத்தில், தன் விதவை மகளுக்காக, வழக்கத்தில் இல்லாத ஒன்றை ஒருவர் கேட்கிறார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார்.

லலிதா கல்லூரி விடுதியில் தங்கினார். குழந்தையைக் குடும்பத்தார் பார்த்துக்கொண்டார்கள். வார இறுதியில் லலிதா வந்து மகளைப் பார்ப்பார். நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரே ஒரு பெண். மாணவர்கள் தொல்லை கொடுக்கவில்லை. ஆனாலும் தனிமை வாட்டியது. பேச ஒரு தோழி இல்லை.

சுப்பாராவ் அதையும் யோசித்தார். மற்றப் பெண்களும் சேரலாம் என்று கல்லூரியை அறிவிக்கச் செய்தார். கேரளத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் லீலாம்மா ஜார்ஜ். இன்னொருவர் பி.கே. திரேசியா. இருவரும் கட்டடப் பொறியியல் படித்தார்கள். பின்னாளில் 1971-இல் திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

ஒரு மகளுக்காகத் தட்டிய கதவு, மற்ற வீட்டு மகள்களுக்கும் திறந்தது.

1943-இல் லலிதா மின் பொறியியலில் பட்டம் பெற்றார். அவருடைய பட்டச் சான்றிதழில் ஒரு வேடிக்கை உண்டு. பொறியாளர் என்றால் ஆண்தான் என்ற எண்ணத்தில், ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே அதில் அச்சடித்து வைத்திருந்தார்கள். லலிதாவுக்காக அதைப் பேனாவால் அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

தந்தையும் மகளும்

படிப்பின் ஒரு பகுதியாக லலிதா பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு தொழில் பழகினார். பிறகு சிம்லாவில் அரசாங்க வேலை. அங்கே 1946 வரை இருந்தார்.

அதன்பின் சில மாதங்கள் தந்தையோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். அப்போது சுப்பாராவ் எதை எதையெல்லாம் செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மின்சாரத்தால் இயங்கும் ஓர் இசைக் கருவி. மின்சாரத்தால் சுடர் உண்டாக்கும் ஒரு கருவி. இன்னொன்று, புகையில்லாத அடுப்பு. இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு அதன் அருமை தெரியும். விறகு அடுப்பின் புகையில் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, எத்தனை பெண்கள் நோயாளி ஆகிறார்கள்! பெரிய பெரிய இயந்திரங்களைப் பற்றிப் பாடம் சொன்ன பேராசிரியர், அடுப்படியையும் நினைத்துப் பார்த்தார்.

ஆனால் ஆராய்ச்சியில் வருமானம் போதவில்லை. மகளைப் படிக்க வைக்க வேண்டுமே! 1948-இல் லலிதா கல்கத்தாவுக்குப் போய், மின் சாதனங்கள் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஊரில் அவருடைய சகோதரரின் குடும்பம் இருந்தது. லலிதா வேலைக்குப் போகும் நேரத்தில் அந்தக் குடும்பம் குழந்தையைப் பார்த்துக்கொண்டது.

மின் கம்பிப் பாதை எப்படிப் போக வேண்டும்? துணை மின் நிலையத்தில் எது எங்கே இருக்க வேண்டும்? மின்சாரம் மிகுந்தால் ஆபத்து வராமல் எப்படித் தடுப்பது? இவற்றைத் திட்டமிடுவதுதான் லலிதாவின் வேலை. சட்லஜ் ஆற்றின் மேல் இருக்கும் பக்ரா நங்கல் அணையின் மின் உற்பத்தி இயந்திரங்களுக்கான வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1963-இல் பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்த பக்ரா அணை அது. 18 வயதில் மூலையில் உட்கார வேண்டியவர் என்று ஊர் நினைத்த பெண், ஊருக்கு வெளிச்சம் தரும் வேலையைச் செய்தார்.

1964-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பெண் பொறியாளர்கள், பெண் விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது. லலிதா அதற்குப் போனார். அங்கே செய்தியாளர்களிடம் அவர் ஒன்று சொன்னார். 150 ஆண்டுகளுக்கு முன்னால் பிறந்திருந்தால், கணவரின் சிதையில் தன்னையும் வைத்து எரித்திருப்பார்கள் என்றார். உண்மைதான். உடன்கட்டை ஏறும் கொடுமையைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் வந்தது 1829-இல்தான்.

லலிதா மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளைப் படிக்க வைத்து ஆளாக்கினார். 1977-இல் ஓய்வு பெற்றார். 1979-இல் 60-ஆவது வயதில் காலமானார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர் என்று இன்று அவர் பெயரைச் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தந்தை இருக்கிறார்.

நாம் யோசிக்க வேண்டியது

சுப்பாராவ் தொடக்கத்திலேயே எல்லாம் தெரிந்தவர் அல்ல. மகன்களுக்கு ஓர் அளவு, மகள்களுக்கு ஓர் அளவு என்றுதான் அவரும் வைத்திருந்தார். மகளுக்கு 15 வயதில் கல்யாணம் செய்தவரும் அவர்தான். கணக்கு தப்பு என்று தெரிந்தால் பொறியாளர் என்ன செய்வார்? அதை அழித்துவிட்டு மறுபடியும் போடுவார். சுப்பாராவ் தன் வீட்டுக் கணக்கையும் அப்படித் திருத்தினார். அதுதான் அவருடைய பெருமை.

நம் வீட்டிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கலாம். பாதியில் பள்ளியை விட்ட மகள் இருக்கலாம். கணவனை இழந்து, இனி எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருக்கும் தங்கை இருக்கலாம். “அவளுக்கு எதற்குப் படிப்பு?” என்று நாமே எப்போதோ சொல்லியிருக்கலாம். சொன்னதைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது. நாற்பதிலும் ஐம்பதிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இன்று இரவு வீட்டில் விளக்கைப் போடும்போது, சுப்பாராவையும் அவர் மகள் லலிதாவையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கதையை வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய அப்பாவும் கேட்கட்டும்.