எத்தனை ஆண்டு என்று நான் கேட்கவில்லை
(இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



பள்ளியில் இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்குப் பொறியாளர்களுக்கு வழி சொல்லும் தகுதி உண்டா என்று விழாக் குழுவினரிடம் கேட்டேன். அவர்கள் விட்டபாடில்லை. ஆகவே, நான் தவறாகச் சொன்ன ஓர் அறிவுரையைப் பற்றி மட்டும் பேச ஒப்புக்கொண்டேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கட்டடப் பொறியியலில் பட்டம் பெற்று என் இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பணியாணை இருந்தது. "ஐயா, கணினி முன் அமர எனக்கு விருப்பமில்லை, கட்டடம் எழுப்பவே படித்தேன்" என்றார். நான் சற்றும் எண்ணிப் பாராமல், "அரசுத் தேர்வு எழுது, பொதுப்பணித் துறையில் சேர்ந்தால் விரும்பிய வேலையும் கிடைக்கும், நிலையான வாழ்வும் கிடைக்கும்" என்றேன். அவர் நான்கு ஆண்டுகள் நூலகத்தில் அமர்ந்தார். ஒவ்வொரு முறையும் சில மதிப்பெண்களில் வாய்ப்புத் தவறியது. "அடுத்த முறை நிச்சயம்" என்று நானும் ஊக்கினேன். இதற்கிடையில் கல்விக் கடனுக்காக வங்கியின் அறிவிப்பு வந்தது. தந்தையார் நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கட்டினார். ஐந்தாம் ஆண்டில் அவர் ஓர் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தபோது, அவருக்கு வேலை ஏவியவர் அவரைவிட மூன்று வயது இளையவர்.

பின்னொரு நாள் அவர் சொன்னார்: "தேர்வு எழுதச் சொன்னதில் பிழையில்லை ஐயா. எத்தனை ஆண்டு என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை."

அச்சொல் இன்றளவும் என்னை உறுத்துகிறது. விதிகள் நமக்குத் தாராளமாகவே காலம் தருகின்றன. மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வை 30 வயது வரை எழுதலாம். கேட் தேர்வின் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். (மேற்படிப்பிற்குத்தான் அது முழுமையாகப் பயன்படும், பொதுத்துறை நிறுவனங்கள் பல அந்தந்த ஆண்டின் மதிப்பெண்ணையே கேட்கின்றன.) ஆனால் வங்கியின் நாட்காட்டி வேறு. படிப்பு முடிந்து பெரும்பாலும் ஓராண்டுதான் தவணைக்கு விலக்கு; வட்டி மானியம் பெறுவோர் நீங்கலாக, அந்த ஓராண்டிலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். எந்தப் பாதையைத் தேர்ந்தாலும் இவ்விரு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்து, "இந்தத் திங்கள் வரை முயல்வேன், பின்னர் இன்னது செய்வேன்" என்று தந்தை தாயின் முன்னிலையில் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எழுதாத கெடு தள்ளிக்கொண்டே போகும்.

அந்த மாணவர் முதலாண்டிலேயே ஒரு கட்டுமானத் தளத்தில் தொழிற்பயிற்சி பெற்றவாறே படித்திருக்கலாம். சென்னை தரமணியில் இயங்கும் தொழிற்பயிற்சி வாரியத்தின் வழியாகப் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சியும் உதவித்தொகையும் கிடைக்கின்றன. "பி.இ. படித்துவிட்டுப் பயிற்சியாளனா?" என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்களே. பொறுத்தருள்க, நானும் அவ்வாறே எண்ணியவன்தான். விருந்துகளில் சந்திக்கும் பிள்ளைகளிடம் முதற்கேள்வியாகச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதையேனும் நாம் விட்டுவிடலாம்.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. மாநிலத் தேர்வாணையத்தின் தொழில்நுட்பப் பணித் தேர்வில் இப்போது தமிழ்த்தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு பெறாதவர் பொறியியல் தாளில் எவ்வளவு பெற்றாலும் பயனில்லை. வினாக்கள் பத்தாம் வகுப்புத் தரத்தினவே. ஆயினும் நெடுங்காலம் ஆங்கிலவழியில் பயின்றோர் இங்கேதான் இடறுகின்றனர். பழைய பாடநூல்களைத் தூசி தட்டி எடுங்கள். ஐயம் வந்தால் என்னிடம் வாருங்கள், கட்டணம் ஏதுமில்லை.

நான் கூறிய அந்த மாணவர் இன்று சொந்தமாக வீடுகள் கட்டித் தருகிறார். என் வேண்டுகோளுக்கு இணங்கி இவ்வரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். உணவு இடைவேளையில் அவரைச் சூழ்ந்துகொள்ளுங்கள். கட்டுமானத் தளத்தில் ஒரு முழுநாள் எப்படிக் கழியும் என்பதையும், எப்போது நிறுத்தியிருக்க வேண்டும் என்பதையும் என்னைவிட அவரே சரியாகச் சொல்வார்.