நோயாளியிடம் உண்மையைப் பேசுங்கள்!

(திண்டிவனத்தில் மில் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அமங்கலப் பேச்சு என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். கடைசிக் கால வைத்தியச் செலவு கடனாகி, பிள்ளைகளின் தலையில் விடிவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

நம் பக்கத்தில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால் என்ன நடக்கிறது? முதலில் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரி. அங்கிருந்து, 2010-ல் மருத்துவக் கல்லூரி வந்த முண்டியம்பாக்கம். அப்புறம் புதுச்சேரி ஜிப்மர், இல்லாவிட்டால் சென்னை. போகிற இடத்திலெல்லாம் சீட்டு எழுதுகிறார்கள். அதில் உள்ளது நோயாளிக்குப் புரியாது. விஷயத்தை மகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிறார்கள். மகன் கையெடுத்துக் கும்பிட்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், மனசு ஒடைஞ்சிடுவாரு" என்கிறான். டாக்டரும் தலையாட்டிவிடுகிறார்.

ஆனால் படுத்திருப்பவருக்கா தெரியாது? அவர் உடம்பே அவருக்குச் சொல்லிவிடுகிறது. அவர் தெரியாதவர்போல நடிக்கிறார். வீட்டார் ஒன்றுமில்லை என்று நடிக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலைச் சொல்ல வேண்டும், பட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டு போன தம்பியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர் நெஞ்சிலேயே நின்றுவிடுகின்றன. இதற்கிடையில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்படிப் பேச வேண்டும்? இதற்கு ஒரு முறை இருக்கிறது. அது கற்றுக்கொள்ளக்கூடியதுதான். முதலில், கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி பத்துப் பேர் காதில் விழப் பேசக்கூடாது. ஒதுக்கமான இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். "ஐயா, உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று முதலில் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்று அடுத்துக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால், அதுவும் அவர் உரிமை. வேண்டும் என்றால் எளிய தமிழில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். அழுதால் அழவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகுதான், எங்கே இருக்க ஆசை, எதற்குப் பயம், எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று கேட்க வேண்டும்.

ராத்திரி டியூட்டி நர்சிடம், "அம்மா, நான் பிழைப்பேனா?" என்று நோயாளி கேட்பார். "ஒண்ணும் ஆகாது, தூங்குங்க" என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். "ஏன் ஐயா கேட்கிறீங்க, மனசுல என்ன ஓடுது?" என்றால் அவர் வாய் திறப்பார்.

"இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்ற வார்த்தையை ஆஸ்பத்திரிகள் கைவிட வேண்டும். நோயைத் தீர்க்க முடியாதபோதும் வலியைத் தணிக்கலாம், மூச்சுத்திணறலைக் குறைக்கலாம், புண்ணை ஆற்றலாம். நூறு பேர் வரிசையில் நிற்க, ஒற்றை டாக்டர் உட்கார்ந்து பேச நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆகவே ஆள்பலத்தையும் பயிற்சியையும் சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டும்.

புற்றுநோய் வலிக்கு மார்பின் என்ற மருந்து உண்டு. விலை அதிகமில்லை. அபினியிலிருந்து எடுப்பது. அந்த அபினியை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகள் சர்க்கார் லைசென்ஸில் பயிரிடுகிறார்கள். ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்கவே அஞ்சின. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே தாலுகா ஆஸ்பத்திரியில் மார்பின் இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வேலை ஊர் ஊராகப் பரவியது. 2008-ல் கேரள சர்க்கார் அதற்கென்றே கொள்கை வகுத்தது. அங்கே பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நர்சுகள் வீடு தேடிப் போகிறார்கள். நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பராமரிப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் தெருவுக்கு அது வர வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2018 மார்ச் 9-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிழைக்க வழியில்லாத நிலை வந்தால் இயந்திரத்தை வைத்து உயிரை இழுத்தடிக்க வேண்டாம் என்று, புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 2023 ஜனவரியில் இந்த முறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றும் போதும். இரண்டு டாக்டர் குழுக்கள் பார்த்த பிறகே சிகிச்சையை நிறுத்த முடியும். ஊசி போட்டு உயிரை எடுக்க இந்தத் தீர்ப்பு இடம் தரவில்லை.

தோழர்களே! வீட்டில் நல்லபடியாக இருக்கும்போதே இதைப் பேசுங்கள். ஆஸ்பத்திரியில், "இந்த வைத்தியத்தால் என்ன பலன், எவ்வளவு செலவு, செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று தைரியமாகக் கேளுங்கள். நோயாளியை ஒதுக்கி வைத்துப் பேசாதீர்கள். ஆயுள் முழுக்க நாற்று நட்டவருக்கும் தறி ஓட்டியவருக்கும் தம் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும். அதைக் கேட்க ஒருவராவது உட்கார வேண்டும்.