தோற்பவர் யாருடைய பிள்ளைகள்?

(தோட்டப்புறப் பெற்றோர்களுக்கான உரை)



பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் சிவப்பு மையைக் கண்டதும், "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை, தலையெழுத்து அப்படி" என்று அமைந்துவிடுகின்ற வழக்கம் நம்மிடையே உண்டு. அது தலையெழுத்துத்தானா என்று கணக்கெடுத்துப் பார்த்த மாணவர் எண்மர் இத்தாலி நாட்டில் இருந்தனர். அவர்களும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளே. அவர்கள் பயின்ற சிறு பள்ளியைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

புளோரன்ஸ் நகருக்கு வடகிழக்கே, மலைச்சரிவில் உள்ளது பார்பியானா. அதனை ஊர் என்பதும் மிகையே. ஒரு மாதாகோவில், ஓர் இடுகாடு, காட்டிடையே சிதறிக் கிடக்கும் சில வீடுகள், அவ்வளவுதான். லொரென்ஸோ மிலானி என்னும் பாதிரியார் 1954-ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு வந்து சேர்ந்தபோது மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை. மக்களுள் பெரும்பாலோர் வாரக் குடியானவர்கள். விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை நிலவுடைமையாளருக்கு அளந்தவர்கள். மிலானியோ புளோரன்ஸ் நகரின் செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் தம் கோவில் இல்லத்திலேயே பள்ளியைத் தொடங்கினார்.

அங்கு வந்து சேர்ந்தோர் யாவர்? மலைவாழ் குடியானவர் பிள்ளைகள் முதலில் வந்தனர். அரசுப் பள்ளிகளில் தோற்றவர்களும் "மந்தம்" என்று ஒதுக்கப்பட்டவர்களும் பின்னர்க் கீழூர்களிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தனர். ஆனால் கீழூர்களிலிருந்து பெண் பிள்ளைகள் வரவில்லை என்பதை அம்மாணவர்களே பின்னாளில் எழுதியுள்ளனர். வழி அச்சம் ஒரு காரணமாகலாம். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்ற பெற்றோர் மனப்பான்மை மற்றொன்று. இந்தக் குறை இத்தாலிக்கு மட்டும் உரியதன்று.

பள்ளி நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டு முழுவதும் நடந்தது. விடுமுறை கிடையாது. இது கொடுமையன்றோ எனலாம். ஆனால் வீட்டில் அவர்களுக்குக் காத்திருந்தது விளையாட்டன்று. ஆடு மேய்ப்பதும் தொழுவம் கூட்டுவதுமே. மேசைகளைத் தாமே செய்துகொண்டனர். செய்தித்தாளைக் கூடியமர்ந்து படித்து, விளங்காத சொல் ஒவ்வொன்றையும் ஆராய்ந்தனர். மூத்தவர் இளையவருக்குக் கற்பித்தனர். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு விளங்கும்வரை மற்றவர்கள் மேலே செல்வதில்லை. எனக்கு இப்பள்ளியில் மிகவும் பிடித்தது இதுவே.

இவ்வாறு பயின்றவர்கள் அரசுத் தேர்வுகளுக்குத் தனித்தேர்வர்களாகச் சென்றனர். தேறியவரும் உண்டு, தவறியவரும் உண்டு. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று அங்குத் தோற்றவர்களை முன்னிட்டே அந்த எண்மரும் ஆசிரியை ஒருவருக்கு எழுதும் கடிதமாக ஒரு நூலை எழுதினர். அது 1967-இல் வெளிவந்தது. பள்ளிப் பதிவேடுகளையும் அரசுப் புள்ளிவிவரங்களையும் திரட்டி, தோற்ற மாணவரின் தந்தையர் செய்யும் தொழிலோடு ஒப்பிட்டு அட்டவணைகள் அமைத்தனர். தோற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் குடியானவர், தொழிலாளர் பிள்ளைகளாகவே இருந்தனர். அறிவு பிறப்பிலேயே இவ்வாறு பங்கிடப்பட்டதென்று எவரும் கூற முடியுமா? அக்கணக்கின் திறனை மெச்சி இத்தாலிய இயற்பியல் கழகம் பரிசளித்தது. நூல் வெளிவந்த சில வாரங்களில், ஜூன் 26-இல், மிலானி தமது 44-ஆம் வயதில் காலமானார்.

அவர்கள் கண்டறிந்த காரணத்தையும் கேளுங்கள். இத்தாலியில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயது வரையிலான கல்வியை அனைவருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளியாக்கியது. எனினும் வகுப்பில் தோற்றவனை அதே வகுப்பில் நிறுத்தும் வழக்கம் நீடித்தது. மருத்துவர் மகன் தோற்றால் தனிப்பாடம் வைத்து ஏறிவிடுவான். குடியானவன் மகன் இருமுறை தோற்றால், தன்னைவிடச் சிறியவர்களிடையே வளர்ந்தவனாய் நாணி அமர்ந்திருப்பான். வயலிலோ அவன் கைக்கு வேலை இருக்கும். சட்டம் அவனை வெளியேற்றவில்லை. அவனே எழுந்து போய்விடுவான்.

நம் நாட்டில் தொடக்கப் பள்ளியில் பிள்ளையை நிறுத்திவைப்பதில்லை. ஆயினும் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவர் பலர் நெடுங்காலம் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகக் கழித்தனர். அந்த ஓராண்டு எவ்வளவு கனக்கும் என்பது அதில் அமர்ந்தவர்க்குத் தெரியும். மேலும், நிறுத்தாமல் ஏற்றிவிடுவது மட்டும் போதாது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகலாம். பார்பியானா மாணவர் தோற்கடிக்காதீர் என்று மட்டும் கேட்கவில்லை. பின்தங்கியோர்க்கு முழுநாள் பள்ளி வேண்டும், படிப்புக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்றும் கேட்டனர்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குச் செல்லும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். என் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை, எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் நின்றுவிட்டது, மாலையில் அதற்கு யார் கற்பிக்கக்கூடும் என்று கேளுங்கள். நீங்கள் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட்ட காலைகளில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற மூத்த பெண்ணின் பெயரும் வருகைப் பதிவேட்டில் இருக்கும். அதையும் பார்த்து வாருங்கள்.